கொசஸ்தலையாற்றின் கடைப்பகுதிக்கு நீர்–நிலத் திட்டம் போடுவது எப்படி?

சென்னைக்கு வடக்கே கடலில் சேரும் கொசஸ்தலையாற்றில், வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே மீஞ்சூர், அத்திப்பட்டு, மணலி புதுநகர், சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள பகுதிக்கு நீரையும் நிலத்தையும் சேர்த்துத் திட்டமிட வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் மாணவர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், ஏரிப் பாசனச் சங்கத்தார், தன்னார்வலர்கள் என யார் வந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் பூண்டி அணையிலிருந்து தொடங்குகிறார்கள். அணையின் எண்கள் எளிதாகக் கிடைக்கின்றன, படமும் அழகாக வருகிறது. அங்கிருந்து ஆற்றோடு இறங்கி முகத்துவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் பணமும் நாளும் தீர்ந்துவிடுகின்றன. கடைசி பத்து கிலோமீட்டருக்கு அரைப்பக்கம் மிஞ்சுகிறது. கடலோர ஆற்றில் வெள்ளம் வடியுமா, கிணறு உப்பாகுமா, பயிர் நிற்குமா என்ற மூன்றையும் முடிவு செய்வது அந்தப் பத்து கிலோமீட்டர்தான். அதனால் வேலையைக் கடலில் தொடங்கி மேலே ஏறுங்கள்.

1. ஓர் ஆண்டு ஒதுக்குங்கள். கருவிகளையும் காகிதங்களையும் முதலில் சேருங்கள்

மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கிணற்று நீரை ஜனவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். கால்வாய்களை வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போதே நடந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும்.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்: ஒவ்வொரு வருவாய் கிராமத்தின் கிராம வரைபடம், அ-பதிவேடு (புல எண்வாரியான நில வகைப் பதிவேடு), அடங்கல் (சாகுபடிக் கணக்கு), சிக்கலான புல எண்களுக்குப் புல வரைபடம். ஏரிகளுக்கு ஆயக்கட்டுப் பரப்பு (பாசனம் பெறும் நிலம்), கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) மட்டம், மதகுகளின் எண்ணிக்கை. பொன்னேரி, சோழவரம், புழல், எண்ணூர் பக்கத்து மழைமானிகளின் அன்றாட மழையளவு, முடிந்தால் 30 ஆண்டுகளுக்கு. ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம்.

கருவிகள்: மட்டம் பார்க்கும் கருவி, அளவுகோல், கையடக்க இ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துத்திறனை அளந்து உப்பைக் காட்டுவது), அதைச் சரிபார்க்கும் கரைசல், கிணற்றாழம் அளக்க எடை கட்டிய நாடா. ஜி.பி.எஸ்.ஸுக்குக் கைபேசி போதும், ஆனால் இடத்தைக் குறிக்க மட்டும். உயரத்துக்கு அதை நம்பக் கூடாது.

அலகுகளை ஒரு தாளில் எழுதி எல்லோருடைய பையிலும் வையுங்கள். பொதுப்பணித் துறையின் பழைய கோப்பு மில்லியன் கன அடியில் இருக்கும், குடிநீர் வாரியம் மில்லியன் லிட்டரில் பேசும், விவசாயி ஏக்கரில் சொல்வார், அறிக்கை ஹெக்டேரில் கேட்கும். ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். ஏறக்குறைய 23 ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர். விநாடிக்கு ஒரு கன அடி நாள் முழுக்க ஓடினால் 2 ஏக்கரில் ஓரடி. அளவு தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பழகுங்கள்: புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, காட்டுப்பள்ளியில் இயங்கும் 100 எம்.எல்.டி. (நாளுக்கு மில்லியன் லிட்டர்) கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை முழுத்திறனில் ஒரு நாளைக்குத் தருவது சுமார் மூன்றரை மில்லியன் கன அடி.

2. எல்லையைத் தண்ணீர் போடட்டும்

ஊராட்சி எல்லையையோ மாநகராட்சி மண்டல எல்லையையோ திட்ட எல்லையாக எடுத்துக்கொண்டால் முதல் மழையிலேயே கணக்கு உடைந்துவிடும். புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக வந்து எண்ணூர்க் கழியில்தான் (முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழி) சேருகிறது. பக்கிங்காம் கால்வாய் ஆற்றைக் குறுக்கே வெட்டி வடக்கே பழவேற்காடு வரை போகிறது. இவை இரண்டும் பல வரைவுகளில் விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணினியில் செயற்கைக்கோள் உயரத் தரவைப் போட்டு நீர்ப்பிடிப்பு எல்லை வரைவது மலையடிவாரத்துக்குச் சரி. இங்கே சரிவராது. அந்தத் தரவில் சில மீட்டர் பிழை இருக்கும், அத்திப்பட்டுக்கும் கடலுக்கும் இடையில் தரையின் மொத்த ஏற்றத்தாழ்வே சில மீட்டர்தான். உப்பளக் கரை, ரயில் பாதை மேடு, உயர்த்திய சாலை, சாம்பல் குளத்துக் கரை இவைதான் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே கணினி கொடுக்கும் கோட்டைப் பென்சில் கோடாக வைத்துக்கொண்டு, நவம்பர் மழையில் குடை பிடித்து நடங்கள். ஒவ்வொரு சிறுபாலத்திலும் நீர் எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டு நாள் நடைக்குப் பிறகு பென்சில் கோட்டில் பாதி அழிந்திருக்கும்.

ஒரு சிறுபாலத்தில் காலையில் கிழக்கே போன நீர் மாலையில் மேற்கே திரும்பினால் உங்கள் கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம். கடல் ஏறியிருக்கிறது. அந்தப் பாலத்தைத் தனி நிறத்தில் குறியுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

3. முகத்துவாரத்தில் ஒரு வாரம் இருங்கள்

வெள்ளம் வடிவதற்கு ஆற்றின் அகலம் மட்டும் போதாது. வாய் திறந்திருக்க வேண்டும், கடலும் இறங்கியிருக்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம். மேட்டு நிலத்தில் ஒரு மீட்டர் ஒன்றுமில்லை. சடையங்குப்பத்தில் அது ஒரு வீட்டின் திண்ணை.

அதனால் கழியில் மூன்று இடங்களிலாவது அளவுக்கம்பு நடுங்கள்: முகத்துவாரத்தை ஒட்டி ஒன்று, பக்கிங்காம் கால்வாய் சேரும் இடத்தில் ஒன்று, இன்னும் மேலே ஒன்று. ஒரு அமாவாசை வாரம் முழுக்க மணிக்கு ஒருமுறை படியுங்கள். மேலே போகப் போக ஏற்றம் எவ்வளவு தாமதமாக வருகிறது, எவ்வளவு குறைந்து வருகிறது என்பது தெரியும். எங்கேயோ ஓரிடத்தில் ஏற்றம் சட்டென்று அடங்கினால் அங்கே அடைப்பு இருக்கிறது: மண்திட்டு, குழாய் போட எழுப்பிய தற்காலிகப் பாதை, படிந்த சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடாகிவிட்டது என்பதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அதை அடிக்கணக்கில் எழுத இந்த அளவீடு உதவும்.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. துறைமுக ஓத (கடல் ஏற்றவற்ற) அட்டவணையில் இருக்கும் உயரம் கடலின் சராசரி மட்டத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. கப்பல் வரைபடத்துக்கான அடிமட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் இடையே அரை மீட்டருக்குக் குறையாத வித்தியாசம். நாங்களும் முதல் முறை அந்த எண்ணை அப்படியே சாலை மட்டத்தோடு ஒப்பிட்டு, ஒரு குடியிருப்பே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மூழ்கும் என்று படம் போட்டுவிட்டோம். அந்தத் தெருவில் இருந்த ஒரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, நாங்க இன்னா மீனா?" என்று கேட்டார். ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் உயரத்திலிருந்து மட்டம் கொண்டுவருவதும் இதே ரகம். இந்திய நில அளவைத் துறையின் நிலையான மட்டக்குறியிலிருந்து கொண்டுவாருங்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து பிழையைப் பாருங்கள்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களோடு படகில் போகாமல் இந்தப் படி முடியாது. எங்கே இறால் படும், எங்கே மடவை ஏறும், எங்கே கால் புதையும் என்று அவர்கள் சொல்வது ஆழமும் உப்பும் அடிமண்ணும் சேர்ந்த வரைபடம். ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னது: "தம்பி, நீங்க எப்பவும் வத்தத்துல வந்து பாத்துட்டுப் போறீங்க. ஏத்தத்துல வந்து பாருங்க, அப்ப தெரியும் ஆறு எது, கழி எது." கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களையும் தனியாகச் சந்தியுங்கள். படகு போகாத சேற்றுப் பரப்பு அவர்களுக்குத்தான் தெரியும்.

4. உப்பு எல்லையைக் கோடாக வரையுங்கள்

மீஞ்சூர் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய கதை 1960-களிலிருந்தே ஆவணங்களில் இருக்கிறது. இன்று அந்தக் கோடு உங்கள் கிராமத்தில் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே அளந்தாக வேண்டும்.

நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதன் மேல் மிதக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். மட்டத்தை ஓரடி இறக்கினால் உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். ஒரே நாளில் வராது, ஆனால் வந்தபின் திரும்ப இறங்கப் பல மழைக்காலம் பிடிக்கும். மோட்டாரின் குதிரைத்திறனைப் பற்றி ஊரில் பேச்செடுக்கும்முன் இந்த ஒரு கணக்கைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

அளக்கும் முறை: கடற்கரைக்குச் செங்குத்தாக மூன்று நான்கு கோடுகள் போட்டு, ஒவ்வொன்றிலும் அரை கிலோமீட்டருக்கு ஒரு கிணறு எடுங்கள். கிணற்றின் ஆழம், தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம், இ.சி. அளவு, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற நான்கையும் எழுதுங்கள். இ.சி. எண்ணை (சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸில்) 0.64-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு மில்லிகிராமில் தோராயமாகக் கிடைக்கும். குடிநீருக்கு இந்திய தர நிர்ணயப்படி 500 விரும்பத்தக்க வரம்பு. வேறு நீரே இல்லாதபோது 2,000. நெல்லுக்குப் பாய்ச்சும் நீரில் இ.சி. 2,000-ஐத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும்.

அடிக்கடி நடக்கும் பிழைகளில் முதலாவது, தேங்கிக் கிடக்கும் கிணற்றில் மேல்நீரை மொண்டு அளப்பது. மேலே நிற்பது மழைநீர். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். இரண்டாவது, கிணற்றின் ஆழத்தை எழுதாமல் விடுவது. இந்தப் பகுதியில் மணல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் அடுக்கு இருக்கிறது. 20 அடிக் கிணற்றில் தித்திப்பாகவும் பக்கத்திலேயே 150 அடி ஆழ்துளையில் கரிப்பாகவும் இருக்கலாம், சில இடத்தில் தலைகீழாகவும் இருக்கும். ஆழம் தெரியாத எண்ணைக் கோடு வரையப் பயன்படுத்த முடியாது. மூன்றாவது, மீட்டரைச் சரிபார்க்காமல் நாள் முழுக்கச் சுற்றுவது. காலையும் மாலையும் கரைசலில் முக்கிப் பாருங்கள்.

மே மாத அளவீட்டை ஆற்றிலும் கால்வாயிலும் சேர்த்தே செய்யுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஓதம் ஏறும் நீர்நிலைகளைத் தீர்மானிப்பது வறட்சியின் உச்சத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எதுவரை இருக்கிறது என்பதை வைத்துத்தான். அந்த இடம் உங்கள் அளவீட்டில் ஓரிடமாகவும் அரசு வரைபடத்தில் வேறிடமாகவும் இருந்தால் அதை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். உங்கள் திட்டத்தின் மிகப் பயனுள்ள பக்கம் அதுவாகவே இருக்கக்கூடும்.

5. நீர்க் கணக்கு: ஆவியாவதை மறக்காதீர்கள்

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 100 ஏக்கர் பரப்பு, சராசரி 5 அடி ஆழம் உள்ள ஏரி. நிரம்பினால் 500 ஏக்கர் அடி, அதாவது சுமார் 22 மில்லியன் கன அடி. புதியவர்கள் இந்த 22-ஐ எடுத்துக்கொண்டு நேரே பயிருக்குப் போய்விடுகிறார்கள்.

ஜனவரி முதல் மே வரை 150 நாள், நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 75 சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டரை அடி. அசையாமல் வைத்திருந்தால் பாதி ஏரி வெயிலுக்குப் போய்விடும். எடுக்க எடுக்க நீர்ப்பரப்பு சுருங்குவதால் நடப்பில் இழப்பு கொஞ்சம் குறையும், ஆனால் கசிவும் சேரும். பயன்படும் நீரை 12 என்று வைப்போம். பொங்கலை ஒட்டித் தொடங்கும் நவரைப் பருவ நெல்லுக்கு நான்கடி நீர் வேண்டும் என்றால் ஒரு மில்லியன் கன அடி ஆறு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவாகப் பாயும். 12-க்கு 69 ஏக்கர். அதே நீரில் உளுந்தோ பச்சைப்பயறோ போட்டால் 240 ஏக்கர் வரை போகலாம். பதிவேட்டில் ஆயக்கட்டு 180 ஏக்கர் என்று இருந்தால், சம்பாவுக்கு மழையும் கைகொடுப்பதால் சமாளிக்கலாம். நவரையில் 180 ஏக்கரும் நெல் என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். மீதியை ஆழ்துளைக் கிணறு தரும், அதன் விலை நான்காம் படியில் பார்த்த உப்பு.

வெள்ளக் கணக்கு வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் மூன்றரை மில்லியன் கன அடி. வயலாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவரும் என்று கொள்ளலாம், நாள் சராசரியாக விநாடிக்கு 14 கன அடி. அதே நிலம் தளம் போட்ட கன்டெய்னர் யார்டாக மாறினால் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும், விநாடிக்கு 32 கன அடி. உச்ச நேரத்தில் இது பல மடங்காகும். வல்லூர், விச்சூர் பக்கம் ஒவ்வொரு கிடங்கு வரும்போதும் கீழே இருக்கும் பழைய சிறுபாலம் அதே அகலத்தில்தான் நிற்கிறது. எந்தப் பாலம் எத்தனை கன அடி தாங்கும் என்று ஒரு பட்டியல் போட்டு இந்தக் கணக்கின் பக்கத்தில் வையுங்கள்.

இதோடு பூண்டி உபரியும் புழல் உபரியும் ஒரே நாளில் வந்து, அன்று அமாவாசை ஏற்றமும் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகப் பாருங்கள். சராசரி மழையாண்டைப் பார்த்துப் பயனில்லை. 2015, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் நாள்வாரி எண்களை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

6. நிலத்தைப் பதிவேட்டிலும் தரையிலும் இரண்டு முறை எண்ணுங்கள்

இது அலுப்பான வேலை, குறுக்கு வழி கிடையாது. அ-பதிவேட்டில் ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், கழுவெளி என்று இருக்கும் ஒவ்வொரு புறம்போக்குப் புல எண்ணையும் தரையில் போய்ப் பாருங்கள். நஞ்சை என்று எழுதியிருக்கும் இடத்தில் மனைப்பிரிவு இருக்கும், வாய்க்கால் என்று எழுதியிருக்கும் இடத்தில் தார்ச்சாலை இருக்கும். இரண்டையும் இரண்டு பத்திகளில் எழுதுங்கள்; உங்கள் தீர்ப்பை மூன்றாவது பத்தியாகச் சேர்க்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது, பதிவேட்டில் பெயரே இல்லாத நிலங்கள். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பும் கைவிட்ட உப்பளமும் "தரிசு" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். தரிசு என்று படத்தில் வந்தால் அடுத்து யாராவது அங்கே மண் கொட்டுவார்கள். உங்கள் வரைபடத்தில் "ஓத நிலம்" என்றே எழுதி, எத்தனை நாள் நீர் நிற்கிறது, யார் அங்கே தொழில் செய்கிறார்கள் என்று சேருங்கள்.

7. ஒதுக்கீட்டுக்கு முன் ஊர்க்கூட்டம்

ஒதுக்கீட்டை முடித்துவிட்டுக் கூட்டம் போடுகிறவர்கள் உண்டு. அது கையெழுத்து வாங்கும் கூட்டம். அளவீடு முடிந்ததும், முடிவு எழுதும் முன்பே கூடுங்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் ஒரே பந்தலில் உட்கார வைக்காதீர்கள். லாரிக்குத் தண்ணீர் விற்பவர் இருக்கும் இடத்தில் பக்கத்து வயல்காரர் உப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டார். மேல்மடை, கடைமடை விவசாயிகளைத் தனித்தனியே. மீனவர்களை மீன்பாடு இல்லாத நேரம் கேட்டு அவர்கள் ஊரிலேயே. குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் பெண்களைக் குழாயடியிலேயே. பிறகு ஒரு பொதுக்கூட்டம். அங்கே எண்களைப் படிக்காமல், தரையில் சுண்ணாம்பால் ஆற்றை வரைந்து ஊர்களை வைத்துப் பேசினால், "எங்க கலங்கல் இங்க இல்ல, அந்தாண்ட" என்று யாராவது எழுந்து வந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

8. ஒதுக்கீட்டு வரிசை

முதலில் வெள்ளத்தின் பாதை. ஆறு, உபரிநீர்க் கால்வாய், கழி, ஓத நிலம் இவற்றில் எதுவும் கட்டப்படாது என்று கோடு போட்டபிறகுதான் மற்றதற்கு நிலம் உண்டு. வரிசையை மாற்றினால் மிச்சம் இருக்கும் சந்துதான் வெள்ளத்துக்குக் கிடைக்கும். அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய், ரசாயனக் கிடங்குகளையும் குறியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் இறங்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை.

இரண்டாவது, உப்பு எல்லைக்கு மேற்கே நன்னீர் ஊறும் இடங்கள்: ஏரிகள், ஆற்று மணல், தடுப்பணைகளின் பின்பகுதி, மண்ணுக்குள் புதைந்த பழைய ஆற்றுத்தடங்கள். இங்கே தளம் போடக் கூடாது, மணல் எடுக்கக் கூடாது. மூன்றாவது குடிநீர், நான்காவது பயிர்.

தொழிற்சாலைக்கு நிலத்தடி நீர் என்ற வரியே உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டாம். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி–எண்ணூர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் 45 எம்.எல்.டி. நிலையம் 2019 முதல் இருக்கிறது. புதிய தேவையை அந்த வழியில் எழுதுங்கள். நிலத்தடி நீரை எடுத்து விற்பதற்கு 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் எந்தெந்தக் கிராமத்துக்குப் பொருந்தும் என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிருக்குப் பரிந்துரை எழுதும்போது பருவத்தைச் சொல்லி எழுதுங்கள். "நெல்லைக் குறையுங்கள்" என்றால் கூட்டம் கலைந்துவிடும். "சம்பா அப்படியே இருக்கட்டும், பொங்கல் நாளில் ஏரி அரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஆண்டு நவரைக்குப் பதில் பயறு" என்றால் பேச்சு தொடங்கும்.

9. எழுதி முடித்தபின் தரையில் செய்ய வேண்டியது

ஆகஸ்டு முடிவதற்குள் ஒவ்வொரு சிறுபாலத்தின் தூணிலும் கலங்கலிலும் அடிக்குறி பெயின்டால் போடுங்கள், எங்கள் அளவில் அதற்கு ஒரு வாரம் பிடித்தது. குறியின் பூஜ்யம் எந்த மட்டம் என்பதை அதே தூணில் எழுதுங்கள். மழைக்காலத்தில் காலை 8 மணிக்கு அதைப் படித்துச் சொல்ல ஊருக்கு இரண்டு பேர், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். பள்ளி மாணவர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். நீர் ஏறும் நாளில் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், பிள்ளைகள் கரைக்குப் போய்விடுவார்கள்.

ஜனவரியில் அதே கிணறுகள், அதே ஆழம், அதே மீட்டர்.